ஆறாம் வகுப்புச் சுவரில் என் கணக்கு

இரிஞ்ஞாலக்குடா,
ஞாயிறு

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையும், என் கூடப் பிறந்துவிட்ட பாவத்துக்கு ஆளானவளுமான சாரதச் சேச்சிக்கு, சமையல்காரன் உண்ணிகிருஷ்ண பொதுவாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம், என்னைத் தவிர.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். என் மகள் அம்பிளிதான் முதல் ரேங்க் என்று நாலு பேர் முன்னால் சொல்வீர்கள் என்று நினைத்தேன். உன் பள்ளியில் ரேங்கே கிடையாதாம். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் செய்த தப்புகளை அட்டையில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறீர்கள், 'எங்களை வளர்த்த தவறுகள்' என்று தலைப்பு வேறு. எந்த ஊரில் தப்பை ஊர் பார்க்க ஒட்டுகிறார்கள்? அம்பிளியின் அட்டையில், அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று இருக்கிறது. கீழே, 'சொன்னவர்: அச்சன். சரிபார்த்தேனா: இல்லை. இனி: யார் சொன்னாலும் போட்டுப் பார்ப்பேன்.' ஆமாம், சொன்னேன். அடுப்பில் உப்பேரி வறுவல் கருகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து கேட்டாள், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிச் சொன்னேன். அதில் என்ன தப்பு என்று அங்கேயே கேட்டும் தொலைத்தேன். டீச்சரை முந்திக்கொண்டு அம்பிளிதான் சொன்னாள்: "அச்சா, அரை டம்ளர் பாயசத்துல இன்னும் கொஞ்சம் ஊத்தினா, அரையை விடக் குறையுமா?"

எனக்குப் பின்னால் நின்றது யார் தெரியுமா? ஓணம் கழிந்து வரும் கல்யாணத்துக்கு என்னிடம் இரண்டாயிரம் இலைச் சாப்பாடு சொல்லிவைத்திருக்கும் மேனோன். "பொதுவாளே, நம்ம வீட்டுப் பாயசம் பத்தும்ல?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாகக் கையால் அள்ளிப் போட்டே சம்பாதித்த பெயர் சேச்சி, ஒரு அட்டையில் போச்சு. அவர் ஆளை மாத்திட்டா இந்த சீசனே எனக்கு இல்ல, நீயா வந்து அடுப்பு மூட்டப் போற? பிள்ளையைப் படிக்க அனுப்பினா அது அப்பனைத் திருத்திட்டு வருது. இந்தக் கடிதம் கண்டதும் அந்த அட்டை இறங்க வேண்டும். இல்லையென்றால் டி.சி.யைக் கொடுத்துவிடு, சொன்னதைச் சொன்னபடி எழுதவைக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர், என் அளியனின் முழங்கால் வலிக்குக் குருவாயூரப்பன் ஒரு வழி காட்டட்டும்.

குறையாத கோபத்துடனும் பாசத்துடனும்,
உன் தம்பி உண்ணி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மேனோன் ஆள் அனுப்பி, சாமான் பட்டியலை எழுத்தில் கேட்டார். எழுதினேன். அம்பிளி கேட்காமலே அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். என் பட்டியல்படி இரண்டாயிரத்தில் அறுநூறு இலைக்குப் பாயசம் இருந்திருக்காது. அவள் திருத்தியதுதான் போயிருக்கிறது, கல்யாணச் சமையலும் நமக்கே என்று மேனோன் சொல்லியனுப்பிவிட்டார். டி.சி. வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுக்கு லீவு மட்டும் கொடு சேச்சி. அவள் பக்கத்தில் இல்லாமல் பாயச உருளியில் கை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.