வெளிக் கொக்கி

“அவரா? அவர் அளந்தா ஜன்னலுக்குப் பொருந்தும் அக்கா. மனுஷங்களுக்குப் பொருந்தாது.”

சொன்னது என் மனைவி. கேட்டுக்கொண்டிருந்தது எதிர்வீட்டு அக்கா. கேட்டிருக்கக் கூடாதவன் நான். கருவிப் பையோடு மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. ஏன் திறந்திருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் ஜன்னல் போடுகிறவன். அலுமினிய ஜன்னல், கண்ணாடிக் கதவு, கொசுவலைச் சட்டம். நான் அளந்து போட்டதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் ஜன்னல் போட்ட வீட்டுக்குள் காற்று வர வேண்டுமென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த வீட்டு வாசலில் கிடைத்த சான்றிதழ் இது!

விஷயம் என்னவென்றால், அவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. பழைய உள்ளாடை எதுவும் பத்தவில்லை. தோள்பட்டையில் பட்டை பட்டையாகத் தடம். குழந்தை பிறந்தால் பால் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு வகை வேண்டுமாம். அதன் பெயரை அவள் சர்வசாதாரணமாகச் சொல்வாள். “ஏங்க, நர்சிங் பிரா வாங்கணும், கூட வாங்க.” நான் உடனே ஜன்னலைச் சாத்துவேன். எங்கள் வீட்டு ஜன்னல் அடைத்தால் ஒரு எழுத்துகூட வெளியே போகாது. நானே போட்டது.

“மெதுவாச் சொல்லேன்!”

“மெதுவாச் சொன்னா சைஸ் சின்னதாயிடுமா?”

“அந்தக் கடைக்கெல்லாம் நான் வரமாட்டேன். அது பொம்பளைங்க கடை.”

“வகுப்புக்கு வாங்கன்னாலும் அதையேதான் சொல்றீங்க.”

வகுப்பு என்றது ஆஸ்பத்திரி வகுப்பை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நர்ஸ் அம்மா கர்ப்பிணிகளுக்குப் பாடம் எடுக்கிறார். புருஷன்மாரும் வர வேண்டுமாம். முதல் வாரம் கூப்பிட்டாள். சைட்டில் வேலை என்றேன். மறு வாரமும் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள்.

“ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நாற்காலி போடறாங்க. ஒண்ணுல நான் உக்காந்தேன். இன்னொண்ணுல என் கைப்பை.”

“உன் பைக்குப் பாடம் புரிஞ்சுதா?” என்றேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குனிய முடியாமல் காலாலேயே செருப்பைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அது கிடக்கட்டும். படியில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. மனுஷங்களுக்குப் பொருந்தாதா? பார்த்துவிடலாம். யார் துணையும் இல்லாமல் நானே அளந்து, நானே வாங்கி, கட்டில் மேல் வரிசையாகப் பரப்பி, “போட்டுப் பார்” என்று சொல்லாவிட்டால் என் டேப்பை விற்றுவிடுகிறேன் என்று அந்தப் படியிலேயே தீர்மானம் செய்தேன்.

அவளை நேரடியாக அளக்கத்தான் பார்த்தேன். அவள் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த சமயம் பின்னால் போய் டேப்பை இழுத்தேன். இரும்பு டேப். முதுகில் பட்டதும் அலறினாள் பாருங்கள், நானே சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“என்னங்க பண்றீங்க?”

“நாற்காலியை அளக்கறேன்.”

ஆகவே பின்பக்கப் பால்கனிக் கொடியில் காய்ந்த பழைய உருப்படியை அளந்தேன். நீளம், அகலம், மூலைவிட்டம். அடுத்த பால்கனியில் எதிர்வீட்டு அக்காவின் தலை முளைத்தது.

“என்ன தம்பி, கொடிக்கு ஜன்னல் போடறீங்களா?”

“காத்து எந்தப் பக்கம்னு பாக்கறேன் அக்கா.”

“காத்து உங்க பக்கம் இல்லையேப்பா.”

அளவு வந்துவிட்டது. இனி தொழில் சுத்தம். ஜன்னல் வைப்பவன் திறப்பின் அளவை அப்படியே வெட்டமாட்டான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கழிப்பான். அப்போதுதான் சட்டம் சுவருக்குள் இடிக்காமல் உட்காரும். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். கை தானாகக் கழித்தது. இரண்டு பக்கமும்.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று. விற்பனைப் பெண் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள்.

“யாருக்கு சார்?”

“வீட்டுக்கு.”

“வீட்டுல யாருக்கு?”

நான் அளவைச் சொன்னேன். மில்லிமீட்டரில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போய்விட்டது. பால் கொடுப்பதற்கு என்று வாயால் சொல்ல வராமல், குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன். தொட்டில் மூன்றாவது மாடி என்றாள். ஒருவழியாகப் புரியவைத்தேன். கம்பி இல்லாதது, கம்பி வைத்தது என்று இரண்டு காட்டினாள். கம்பி வைத்ததையே கட்டச் சொன்னேன். சட்டம் இல்லாமல் எது நிற்கும்? அரை டஜன்.

கட்டில் மேல் பரப்பினேன். “போட்டுப் பார்” என்றேன். அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

“இது குழந்தைக்கா?”

“போட்டுப் பாத்துட்டுப் பேசு!”

கதவுக்குப் பின்னாலிருந்து பெருமூச்சுகள் வந்தன. அப்புறம் மூச்சே வரவில்லை. பயந்து கதவைத் தட்டினேன்.

“கொக்கி கிட்டயே வரமாட்டேங்குது. எந்த அளவுல வாங்கினீங்க?”

“உன்னோட பழைய அளவு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கழிச்சு.”

“கழிச்சா? எதுக்குங்க?”

“சுவர்ல இடிக்காம இருக்க.”

வெளியே வந்தபோது அவள் கண்ணில் தண்ணீர். சிரித்ததா அழுததா தெரியவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

“அடியில கம்பி வேற. கம்பி அழுத்தினா பால் கட்டிக்கும்னு வகுப்புல சொன்னாங்க.”

“எதுக்கெடுத்தாலும் வகுப்பு!”

“சரி, நீங்க சிரமப்படாதீங்க. அக்காவைக் கூட்டிட்டுப் போய் மாத்திக்கறேன். என்ன அளவுல வாங்கினீங்கன்னு அவங்க கேட்டா மட்டும் சொல்லவேண்டியிருக்கும்.”

எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு செய்தி போனால் மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரியும். நான் ஜன்னல் போட்ட கட்டடம் அது. செருப்பை மாட்டினேன். அவள் செருப்பையும் நானே மாட்டிவிட்டேன்.

கடையில் கூட்டம். திரும்பிய பக்கமெல்லாம் பெண்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கூரை ஓரத்தில் காற்றோட்டச் சட்டம் கோணலாக மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் உயிர் வந்தது. அதே விற்பனைப் பெண், “மில்லிமீட்டர் சார் வந்துட்டார்” என்று உள்ளே யாருக்கோ குரல் கொடுத்தாள்.

என் மனைவி சாவகாசமாக உட்கார்ந்து, மெத்தென்ற பருத்தியில், அகலப் பட்டை வைத்ததாக, கம்பி இல்லாததாகப் பொறுக்கினாள். பிறகு முதுகுப்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். கொக்கி மாட்டும் இடத்தில் வரிசை வரிசையாகக் குட்டி வளையங்கள். வெளி வரிசையில் மாட்டினால் தளர்வு. உள்ளே போகப் போக இறுக்கம்.

“ஏங்க, ஒரு சந்தேகம். வயித்துல குழந்தை இருக்கறதால இப்ப விலா விரிஞ்சிருக்காம். பிறந்தப்புறம் மெல்ல உள்ள வந்துடுமாம்.”

“சரி.”

“பால் வந்துட்டா மேல இன்னும் பெருசாகுமாம்.”

“சரி, அதுக்கு?”

“அதனால இப்பவே உள் கொக்கியில நல்லா இறுக்கி மாட்டணுமாம். கப் துளி இடமில்லாம கச்சிதமா இருக்கணுமாம். நர்ஸ் அம்மா சொன்னாங்க.”

எனக்குக் கூரை மறந்துபோயிற்று.

“யார் சொன்னது?”

“நர்ஸ் அம்மா.”

“தப்பு!”

பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

“ஏம்மா, நீயே யோசி. விலா உள்ள போகப்போகுதுன்னா, இப்ப கடைசி வெளிக் கொக்கியில பொருந்தணும். அப்பத்தானே பின்னால உள்ள நகத்தி இறுக்க முடியும்? இப்பவே உள் கொக்கியில மாட்டிட்டா அப்புறம் எங்க போவே? சுவத்துக்குள்ளயா?”

“அப்படியா?”

“மேல பெருசாகும்னா இப்பவே கொஞ்சம் இடம் விட்டு வாங்கணும். மரக்கதவு மழையில உப்பும். அதுக்கு இடம் விடாம எவனாவது கதவு போடுவானா?”

“நீங்க கழிக்கணும்னு சொன்னீங்களே?”

“அது ஜன்னல்!”

அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வேகம் பிடித்துவிட்டது. தோள்பட்டையில் இருந்த சின்னக் கொண்டியைப் பார்த்தேன். அதைத் திறந்தால் முன்பக்கம் மட்டும் இறங்கும். கொண்டி என்றால் என் சாமான். கடை பொம்மைக்கு மாட்டியிருந்ததில் திறந்து பார்த்தேன். இரண்டு கை தேவைப்பட்டது.

“இது உதவாது. ஒரு கையில குழந்தை இருக்கும். இன்னொரு கையாலதானே திறக்கணும்?”

அவள் கைப்பையை வாங்கி இடது கையில் குழந்தைபோல் அணைத்துக்கொண்டேன். வலது கையால் கொண்டி கொண்டியாகத் திறந்து மூடினேன். ஒன்று கடினம். ஒன்று நழுவியது. நாலாவது ‘டிக்’ என்று திறந்து ‘டிக்’ என்று மூடியது. என் ஆயுளில் அப்படி ஒரு கொண்டி பார்த்ததில்லை. பையின் தலை தொங்கிவிடாமல் முழங்கையால் தாங்கியும் பிடித்திருந்தேன்.

“தலைக்குக் கை குடுத்திருக்கார் பாரு” என்றார் மகளோடு வந்திருந்த ஒரு அம்மாள். “உன் வீட்டுக்காரன் வாசல்ல போனைப் பாத்துக்கிட்டு நிக்கறான்.”

அந்த மகள் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். “அண்ணா, எனக்கும் எந்தக் கொக்கின்னு...”

“வெளிக் கொக்கி! எவ சொன்னாலும் உள் கொக்கி வாங்காதம்மா.”

பொருத்திப் பார்த்துவிட்டு என் மனைவி வெளியே வந்தாள். வெளிக் கொக்கியில் சரியாக உட்கார்ந்ததாம். கையைத் தூக்கினாலும் மேலே ஏறவில்லையாம். தோள் வலிக்கவில்லையாம். இழுத்து மூச்சுவிட்டுக் காட்டினாள். அந்த மூச்சுக்கு நான்தான் காரணம் என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. முந்தைய அரை டஜனை அவள் மாற்றியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஆறவில்லை. “அந்த நர்ஸ் எத்தனை பேருக்கு இப்படித் தப்பாச் சொல்லியிருக்காங்க? எத்தனை பேர் மூச்சு முட்டி உக்காந்திருக்காங்களோ? கேக்க ஆள் இல்லையா?”

“நான் எப்படிங்க எதுத்துப் பேசறது? அவங்க படிச்சவங்க.”

“படிச்சா? அளவுன்னா அளவுதான்!”

“விடுங்க. சனிக்கிழமை நான் பாட்டுக்குப் போய் உக்காந்துட்டு வந்துடறேன்.”

“நீ ஒண்ணும் தனியாப் போகவேண்டாம். நான் வர்றேன். எல்லார் முன்னாலயும் கேக்கறேன்.”

“ஐயோ, வேண்டாங்க.”

“வருவேன்!”

“உங்க இஷ்டம்” என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. பையில் டேப், மாதிரிக்கு ஒரு உருப்படி, இரண்டு விதக் கொண்டி. வாதத்தை வழியிலேயே மூன்று தலைப்பாகப் பிரித்துக்கொண்டேன். வகுப்பறையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் என்னைப்போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி முன்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. சண்டைக்கு வந்தவன் உட்காருவானா? கதவருகே நின்று தொண்டையைக் கனைத்தேன்.

நர்ஸ் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“வாங்க சார். புதுசா வந்தவங்களுக்காக முதல் வாரம் சொன்னதை இன்னொரு தடவை சொல்லிடறேன். பிரா வாங்கும்போது இப்ப கடைசி வெளிக் கொக்கியில பொருந்தணும். குழந்தை பிறந்தப்புறம் உள்ள நகத்திக்கலாம். கப்ல கொஞ்சம் இடம் விடுங்க. கம்பி வேண்டாம். ஒரு கையால திறக்க வரணும். முதல் நாள்லேர்ந்து இதைத்தானே சொல்றேன்?”

“ஆமா” என்றார்கள் எல்லாரும். என் மனைவியின் குரலும் அதில் இருந்தது.

நான் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.