செமிசிக்கு வந்த ஃபாஸ்ட்

படகு ரேடியோவின் கரகரப்புக்கு நடுவே செமிசியின் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள்: நாளை, க்ளினிக், ஃபாஸ்ட்.

"ஃபாஸ்ட்டா? சரிங்க நர்சம்மா, புரிஞ்சிடுச்சு!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். அதோடு பாட்டரி செத்தது.

அவனுக்குப் புரியவில்லை. ஆனால் எதிர்த் தீவு க்ளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் வாசிதி ஃபிஜிக்காரி; இந்தத் தீவுகளில் பேசும் தோங்கா மொழி அறியாதவள். போன வாரம்தான் க்ளினிக் கடிகாரத்தைப் பார்த்து வாட்சைத் திருத்திக்கொண்டே, தனக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று அவளிடம் அளந்துவிட்டு வந்திருந்தான்.

விஷயம் சின்னதல்ல. நாளை தலைநகரிலிருந்து டாக்டர் வருகிறார். அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் செமிசி தொடர்ந்து ஆட்களை ஏற்றிப் படகு ஓட்ட முடியும். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

படகுக்காரனுக்கா ஃபாஸ்ட் தெரியாது? பாய்மரப் படகில் வரும் வெள்ளைக்காரர்கள் கயிற்றை வீசிவிட்டு, "மேக் இட் ஃபாஸ்ட்" என்பார்கள். இறுக்கிக் கட்டு என்று அர்த்தம். பெருங்காற்று வரப்போகிறது, நர்ஸ் எச்சரிக்கிறாள். செமிசி புதுக்கயிறு எடுத்து, படகைத் துறைத் தூணோடு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினான்.

வீட்டில் மனைவி ஓஃபா விழுந்து விழுந்து சிரித்தாள். "படகைக் கட்டுன்னு சொல்லவா நர்சு கூப்பிடும்? ஃபாஸ்ட்டுன்னா வேகம்யா. டாக்டரு சீக்கிரமே கிளம்பிடுவாரு போல."

"அப்ப விடிஞ்சதும் ஓடணும்."

"ஓடுறவன் தெம்பா ஓடு." சேப்ப இலையில் மடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த இறைச்சியை அவன் முன்னால் வைத்தாள்.

முதல் கவளம் வாய்க்குப் போகுமுன், பக்கத்து வீட்டு டீச்சர் லவீனியா உள்ளே வந்தாள். சேதியைக் கேட்டதும் பதறினாள்.

"கையை எடுங்கண்ணே! டாக்டர்கிட்டப் போறவங்களுக்கு ஃபாஸ்ட்டுன்னா பட்டினி. ரத்தம் எடுப்பாங்க."

"நான் இறுக்கம்கிறேன், இவ வேகம்கிறா, நீ பட்டினிங்கிற. எல்லாம் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்லுதான். பட்டினின்னு வந்தா பெயர்ச்சொல். பட்டினி கிடன்னா வினைச்சொல். வேகமான படகுன்னா பெயரடை. இறுக்கிக் கட்டுன்னா வினையடை."

செமிசி மனைவியைப் பார்த்தான். "ஒத்த ஆளு நாலு வேலை பாக்குறான். உன் தம்பி ஒண்ணுகூடப் பாக்க மாட்டேங்கிறான்."

"என் தம்பியை இழுக்காட்டி உனக்குச் சாப்பாடு இறங்காதே!"

"சாப்பாடே கிடையாதுங்கிறாளே இவ!"

"எதுக்கு வம்பு? எல்லாத்தையும் செஞ்சிடு" என்று தீர்ப்புச் சொல்லி, ஓஃபா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு துறைக்கு ஓடினான். காற்று வரவில்லை, மழைதான் பெய்திருந்தது. நனைந்த முடிச்சுகள் ஊறிப் பாறையாகியிருந்தன. நகத்தால் கிள்ளினான். பல்லால் கடித்தான். கடைசியில் கத்தியால் அறுத்தான். கயிறு அறுந்தது, அலை இழுத்தது, படகு தன்பாட்டுக்குக் கிளம்பியது. செமிசி கத்தியோடு துறையில் நின்றான்.

குதித்து நீந்திப் படகைப் பிடித்து, எஞ்சினை முழு வேகத்தில் விரட்டி, சொட்டச் சொட்ட க்ளினிக்குக்குள் விழுந்தடித்து நுழைந்தான்.

டாக்டர் அவன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எக்கச்சக்கமாக ஏறியிருக்க, நம்பாமல் மறுபடி பார்த்தார். "சுவத்துல இருக்கிற எழுத்தைப் படிங்க."

"எந்தச் சுவத்துலங்க? ரெண்டு தெரியுது."

டாக்டர் பேனாவை மூடினார். "மன்னிச்சிடுங்க. இந்த உடம்போட நீங்க ஆளுங்களை ஏத்தக் கூடாது."

செமிசி நனைந்த சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே நின்றான். பிழியத் தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்தான்.

வாசிதிதான் அருகில் வந்தாள். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

அவள் டாக்டரிடம் ஏதோ முணுமுணுத்தாள். செமிசிக்கு ஒரு துண்டும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும், ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டும் கிடைத்தன. பெஞ்சில் படுத்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டான். மற்றவர்களையெல்லாம் பார்த்து முடித்த டாக்டர் மறுபடி அவனைச் சோதித்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. சுவரும் ஒன்றாகியிருந்தது. கடைசி வரி வரை படித்தான். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் செமிசி குரலைத் தாழ்த்தினான். "நர்சம்மா, எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். நீங்க சொன்ன ஃபாஸ்ட்டு எது? படகைக் கட்டச் சொன்னீங்களா, வேகமா வரச் சொன்னீங்களா, பட்டினி கிடக்கச் சொன்னீங்களா? நான் எல்லாத்தையும் செஞ்சிட்டேன்."

வாசிதி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அய்யோ, போன வாரம் பாத்து உங்க வாட்சைத் திருத்தினீங்கல்ல, அந்தக் க்ளினிக் கடிகாரம் ஃபாஸ்ட்டு, முன்னாடி ஓடுது, அதனால நாளைக்கு வயிறார சாப்பிட்டு மெதுவா வாங்கன்னுதான் சொன்னேன்!"