பானெட்டைத் திறக்கவிடாத ஞானி

வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவில் யாரும் கார் ஓட்டுவதில்லை. தள்ளுவார்கள்.

தெருக்கோடியில் இருந்த டயர் கிடங்கைச் சொட்டு ஞானி வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து இப்படி. அவர் சன்னிதிக்குள் இஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு தள்ளிக்கொண்டு வருவார்கள். வங்கி மேலாளர் தள்ளினார். கணக்கு வாத்தியார் தள்ளினார். எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு பல்லைக்கூடத் தொடாத பல் டாக்டரும் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு தள்ளினார்.

உள்ளே போனதும் வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். ஞானி நீளக்கை அங்கியோடு பம்பர் பக்கத்தில் மண்டியிடுவார். கண்ணை மூடி, ஒரு கையை வண்டிக்கு அடியில் நீட்டி, "அழு" என்பார். வண்டி அழும். பச்சைச் சொட்டு விழுந்தால் பொறாமைக் கண். பழுப்பு எண்ணெய்ச் சொட்டு விழுந்தால் பழைய பாவம். இரண்டும் விழுந்தால் வண்டி உயிர் கேட்கிறது. ஷோரூமிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகாத ஒரு வண்டியும் அழுதது. சீட்டின் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. அதற்குள் என்ன பாவம் செய்ததோ.

பானெட்டை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. "மூடியைத் திறந்தா வண்டி மனசை மூடிக்கும்" என்பார் ஞானி. கூட்டம் தலையாட்டும். இவ்வளவு அழகாகச் சொன்னால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்.

பொறாமைக்கும் பாவத்துக்கும் தீர்த்தம் கொடுப்பார்; ரேடியேட்டரில் ஊற்றிக்கொள்ள வேண்டும். உயிர் கேட்கும் வண்டிக்குத் தீர்த்தம் பலிக்காது. வீட்டை விட்டே அனுப்பிவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும் தியாகி ஒருவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஞானியின் மச்சான். வாங்கிய வண்டியில் ஏறி விசிலடித்துக்கொண்டே போவார். அவர் உயிரை மட்டும் எந்த வண்டியும் கேட்டதில்லை.

இந்த லட்சணத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் அக்காவின் கார் கசிய ஆரம்பித்தது.

பத்தொன்பது வயதுக் கார். தெருவில் பாதிப் பேர் ஓட்டக் கற்றதும், மீதிப் பேர் சுவரில் மோதக் கற்றதும் அதில்தான். அது நிற்கும் இடத்தில் இப்போது பச்சையாக ஒரு வட்டம், ஒரு முழம் தள்ளி எண்ணெயாக ஒரு வட்டம். அக்காவின் கணவர் தையல்காரர். இரண்டு முறை அளக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். அவர்தான் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை ஞானியிடம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு சொட்டும் விழுந்தன. நாற்பது நாளைக்குள் ஓர் உயிர் என்றார் ஞானி. செய்தி காற்றைவிட வேகமாகப் போனது. பதினோரு மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

எங்கள் சமையலறை ஜன்னல் அவர்கள் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அது வீடு கட்டியவரின் குற்றம், என்னுடையது அல்ல.

அன்று காலை அக்கா இஞ்சின் மேலிருந்த பிசுக்கையெல்லாம் துடைத்து எடுத்தார். அடியில் செய்தித்தாள் விரித்தார். இருபது நிமிடம் இஞ்சினை ஓடவிட்டார். பிறகு டார்ச்சை அடித்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. ரேடியேட்டர்லேருந்து வர்ற கீழ் ஹோஸ். அதைப் பிடிச்சிருக்கற கிளாம்ப் துருப்பிடிச்சு லூஸாயிருக்கு. சூடானதும் உள்ள பிரஷர் ஏறுது, கூலன்ட் இது வழியா வெளிய வருது. உங்க பச்சைச் சொட்டு இதுதான்."

"எண்ணெய்?"

"இஞ்சின் மேல் மூடிக்கு அடியில கேஸ்கட்னு ஒரு ரப்பர் பட்டை இருக்கு பாருங்க. வருஷக்கணக்கா வெந்து விறைச்சுப் போச்சு. எண்ணெய் அதைத் தாண்டி வழியுது. ரெண்டையும் மாத்த ஒரு காலைப்பொழுது போதும்."

தையல்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். யோசித்தார்.

"சரி, கிளாம்ப் லூஸாயிருக்கு. லூஸாக்கினது யாரு?"

"துரு."

"துருப்பிடிக்க வச்சது யாரு?"

அக்கா டார்ச்சை அணைத்துவிட்டார்.

"நீ இப்படி ஏதாவது வெளிக்காரணத்தைக் காட்டுவேன்னு ஞானி அன்னிக்கே சொல்லிட்டாரு. உள்காரணம் வேறயாம். ஞாயித்துக்கிழமை மச்சான் வந்து வண்டியை எடுத்துக்கறேன்னாரு. உன் உயிருக்காகத்தான் சொல்றேன்மா."

"என் உயிரே அந்த வண்டியிலதாங்க ஓடுது. அதை வித்துட்டு எதை வச்சுக் கத்துக்கொடுக்கறது, உங்க தையல் மிஷினை வச்சா?"

தையல்காரர் வண்டியிலிருந்து சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி அவர் பெயரில் இருந்தது; இப்போது சாவியும் அவர் பையில்.

"சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றார் அக்கா. "சனிக்கிழமை என் தம்பி வண்டியை அவர்கிட்ட காட்டலாம். மெக்கானிக் ஷெட்லதான் நிக்குது. அதுல இருக்கறதைச் சரியாச் சொல்லிட்டார்னா, என் வண்டியை நானே கழுவித் துடைச்சு அனுப்பிவைக்கறேன்."

சனிக்கிழமை மெக்கானிக் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து தெருமுனையில் விட்டார். தையல்காரரும் பல் டாக்டரும் தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். கிட்ட இருந்து பார்க்க வேறு வழி இல்லை. வண்டி குடுகுடுவென்று ஓடியது.

"பாத்தீங்களா டாக்டர், சன்னிதி கிட்ட வர வர வண்டி பூ மாதிரி ஆகுது" என்றார் தையல்காரர்.

"எனக்கு உடம்பே சிலிர்க்குது" என்றார் டாக்டர்.

வண்டி முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஞானி அதைக் கவனிக்கவில்லை. காருக்கு வைத்தியம் பார்ப்பவர் காரை எதற்குப் பார்க்க வேண்டும்?

துணி விரித்தார்கள். ஞானி மண்டியிட்டார். கண்ணை மூடினார். "அழு."

அழுதது. பச்சையாக மூன்று சொட்டு, பழுப்பாக நாலு சொட்டு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாசலில் மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"இது சாதாரண வண்டி இல்ல" என்றார் ஞானி. "இஞ்சினுக்குள்ள ஒரு ஆத்மா அடைபட்டுக் கிடக்கு. துடிக்குது. எனக்குக் கேக்குது."

"இஞ்சினுக்குள்ளயா சாமி?" என்றார் அக்கா.

"இஞ்சினுக்குள்ளதான். நட்ட நடுவுல."

"தெளிவாக் கேக்குதா?"

"உன் குரலைவிடத் தெளிவா."

அக்கா கார்க் கதவைத் திறந்து, உள்ளே இருந்த பிடியை இழுத்தார். பானெட் 'டக்' என்று விட்டது.

"திறக்காதே. மனசு மூடிக்கும்."

"மூடிக்கட்டும் சாமி" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார்.

உள்ளே ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, இஞ்சினே இல்லை. வெறும் பள்ளம். அதன் வழியே கீழே விரித்த வெள்ளைத் துணியும் ஏழு சொட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நான்தாங்க கழட்டினேன்" என்றார் மெக்கானிக். "இஞ்சின் என் ஷெட்டு மேசையில இருக்கு. ஆத்மா எதையும் நான் பாக்கல."

தையல்காரர் தலையைப் பள்ளத்துக்குள் விட்டு இடமும் வலமும் தேடினார். வெளியே எடுத்தார். "சாமி, இஞ்சின் எங்க?" என்று கேட்டார். ஞானியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"சந்தேகப்பட்ட குடும்பம்..." என்று சாபம் கொடுக்க ஞானி கையைத் தூக்கினார். அங்கியின் கை முழங்கை வரை சரிந்தது. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு குட்டிப் பாட்டில்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து வருமே, அந்த மாதிரி. ஒன்றில் பச்சை, ஒன்றில் பழுப்பு.

பல் டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்தார். "அப்ப நான் ரேடியேட்டர்ல ஊத்தின தீர்த்தம்?"

"ஓட்டை அடைக்கற மாவு கரைச்ச தண்ணி" என்றார் மெக்கானிக். "கசிவு நாலு நாள் நிக்கும். அப்புறம் ரேடியேட்டரையே அடைச்சுடும். போன மாசம் மட்டும் ஆறு வண்டி கொதிச்சுப்போய் வந்துச்சு."

டாக்டர் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நாற்காலி மட்டும் இருந்தது, மச்சானைக் காணோம். ஞானிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. உயிர் கேட்கிறது என்று வண்டியை விற்றவர்கள் நாலு பேர் அங்கியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள், போலீஸ்காரர் வரும்வரை.

கூட்டத்தில் ஓர் அம்மாள் கன்னத்தில் கை வைத்துச் சொன்னார்: "இஞ்சினே இல்லாத வண்டியில எண்ணெய் வரவழைச்சாரே, அது எவ்வளவு பெரிய சக்தி."

"அந்தச் சக்தி மருந்துக் கடையில கிடைக்கும்மா" என்றார் அக்கா.

தையல்காரர் பையிலிருந்து சாவியை எடுத்தார். எல்லார் முன்னாலும் கொடுப்பதா, வீட்டுக்குப் போய்க் கொடுப்பதா என்று ஒரு நிமிடம் தடுமாறினார். அக்கா கையை நீட்டினார். கொடுத்துவிட்டார்.

"திங்கட்கிழமை கிளாஸ் உண்டுங்களா அக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காய்ச்சல் விட்டுவிட்டது போலும்.

"உண்டு. முதல் பாடம் இப்பவே சொல்லிடறேன், கேட்டுக்கங்க" என்றார் அக்கா. "வண்டி கசிஞ்சா கீழ காகிதம் விரிங்க, மேல மூடியைத் திறங்க, எங்கேருந்து வருதுன்னு உங்க கண்ணால பாருங்க. எவனாவது வந்து இதை மட்டும் திறக்காதேன்னு சொன்னான்னா, முதல்ல அதைத்தான் திறக்கணும்."

"காருக்கு மட்டும்தானே சொல்றீங்க?" என்று கேட்டார் பல் டாக்டர்.

அக்கா சாவியை விரலில் மாட்டிக்கொண்டு தன் வண்டியைப் பார்க்க நடந்தார். அதையாவது அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.