அம்சவேணியின் தட்டுக்குக் கிடைத்த ஓய்வு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது, யானையும் மயிலும் இருந்தன என்றுதான் இதுவரை கதை சொன்னவர்கள் எல்லாரும் தொடங்கியிருக்கிறார்கள். மரநாய் இருந்தது என்று எவரும் தொடங்கியதில்லை. பெண் மரநாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏமாற்றுவதற்கு நரி போதும், ஏமாறுவதற்குக் காகம் போதும், இடையில் இவள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆகவே மறுபடி தொடங்குவோம். ஒரு காட்டில் ஒரு மரநாய் இருந்தாள். அவள் பெயர் அம்சவேணி.

அந்தக் காட்டின் ஓரத்தில் முன்பு ஒரு சுற்றுலா விடுதி நடந்தது. நஷ்டம் தாங்காமல் உரிமையாளர்கள் ஒரு மழைக்காலத்தில் அதைப் பூட்டிக்கொண்டு போனார்கள். புல்வெளியெங்கும் அவர்கள் நட்டிருந்த இரும்புக் கூடைகளும், கூடைகளுக்கு மேல் கொத்தாகத் தொங்கிய சங்கிலிகளும், ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் தட்டுகளும் அங்கேயே கிடந்தன. விருந்தினர்கள் ஆடியதை விலங்குகள் புதர் மறைவிலிருந்து பார்த்து வைத்திருந்தன. டிஸ்க் கோல்ஃப் என்று அதற்குப் பெயர். ஒரு கல்மேடையில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை இப்படியே தொடர வேண்டும். எல்லாக் கூடைகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். கல்மேடையிலிருந்து எறியும் முதல் எறியே கூடைக்குள் விழுந்துவிட்டால் அது ஏஸ். அபூர்வமாகத்தான் நடக்கும். யானைக்கு ஒருபோதும் நடந்ததில்லை.

யானைதான் கழகத்தின் தலைவர். சாக்கை முதலில் மிதித்தது யானை. ஆகவே சாக்கும் பதவியும் அதற்கே சேர்ந்தன. நரி செயலாளர். விடுதியில் யாரோ விட்டுப்போன கைப்பேசி மயிலிடம் இருந்தது. கூரையிலிருந்த சூரியத் தகட்டில் அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மயில் புகைப்படக்காரர் ஆகிவிட்டது. சொந்தத் தட்டு இல்லாதவர் கழகத்தில் ஆட முடியாது. தலைவரிடமும் செயலாளரிடமும் தட்டுகள் குவிந்து கிடந்தன. அம்சவேணியிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

அது ஆரஞ்சு நிறத் தட்டு. விருந்தினர் ஒருவரின் நாய் கடித்ததால் விளிம்பில் பல் தழும்பு. உதவாது என்று யானை வீசிய தட்டைத்தான் அவள் பொறுக்கிக்கொண்டாள். அந்தத் தழும்பால், எறிந்ததும் அது நேராகப் போகும். போய்க்கொண்டே இருந்துவிட்டு, எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். மற்றவர்களுக்கு அது குறை. அம்சவேணி அந்தத் திருப்பத்தை நம்பித்தான் ஆடினாள், நன்றாகவும் ஆடினாள். அவள் ஆடுவதைப் பார்க்க முள்ளம்பன்றி பட்டம்மாள் தவறாமல் வருவாள். பட்டம்மாள் ஆடுவதில்லை, தட்டைத் தூக்கினால் அது முதுகு முள்ளில் குத்திக்கொண்டு நின்றுவிடும்.

கழகத்துக்கு ஒரு மரபு இருந்தது. ஏஸ் விழுந்தால் கொண்டாட வேண்டும். நேரில் பார்த்த அத்தனை பேரும் அந்தத் தட்டின்மேல் கையெழுத்துப் போட வேண்டும். எறிந்தவர் கூடையருகே தட்டைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டும். எல்லாருக்கும் விருந்தும் வைக்க வேண்டும். அத்துடன் அந்தத் தட்டுக்கு ஓய்வு. வேங்கை மரத்தில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அதை மறுபடி எறிவது குற்றம். யாரும் பார்க்காமல் விழுந்தது ஏஸ் ஆகாது. அதைக் காற்று என்று சொல்லிவிடுவார்கள். சாக்கு நிறையத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இது மிக நல்ல மரபு.

காட்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. மிச்சமிருந்தவர்கள் மூவர்: யானை, நரி, அம்சவேணி. இன்னும் இரண்டே கூடைகள் இருந்தன. அம்சவேணி மிகவும் முன்னிலையில் இருந்தாள். கடைசிக் கூடையில் கண்ணை மூடிக்கொண்டு தட்டை உருட்டிவிட்டாலும் கோப்பை அவளுக்குத்தான் என்ற கணக்கு யானைக்குக்கூடப் புரிந்தது.

கடைசிக்கு முந்தைய கூடை ஒரு புளியமரத்துக்குப் பின்னால், சற்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அம்சவேணி கல்மேடையில் ஏறினாள். அப்போது யானை முதுகைப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தது. நரி நாவல்பழம் தின்றுகொண்டிருந்தது. மயில் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துத் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தது. பட்டம்மாள் மட்டும் பார்த்தாள். தட்டு நேராகப் போயிற்று. மரத்தில் மோதப்போகிறது என்ற இடத்தில் இடப்பக்கம் திரும்பிற்று. கிளைக்கடியில் நுழைந்து மறைந்தது. சங்கிலி கலகலவென்று ஒலித்தது.

அம்சவேணி துள்ளிக் குதித்தாள். அந்தக் கணம் மிகவும் நன்றாக இருந்தது. அடுத்த கணம் அவளுக்கு மரபு நினைவுக்கு வந்தது.

"ஏஸ்! ஏஸ்!" என்று நரி பழக்கொட்டையைத் துப்பிவிட்டுக் கத்திற்று. "நான் பார்த்தேன்! என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"

"நானும்தான்," என்றது யானை, பாறையை விட்டு இன்னும் நகராமல்.

"தலைவரே, உங்களுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றாள் பட்டம்மாள்.

"யானைக்குப் பக்கவாட்டுல கண்ணும்மா. எல்லாத் திசையும் தெரியும்."

அம்சவேணி ஓடிப்போய்க் கூடைக்குள்ளிருந்து தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு கூடைதானே இருக்கு. அதை முடிச்சிட்டு வரேன். அப்புறம் கையெழுத்து, போட்டோ, எது வேணாலும் வச்சுக்கலாம்."

"அம்மணி! ஏஸ் விழுந்த தட்டை மறுபடி எறியறதா?" நரி கன்னத்தில் போட்டுக்கொண்டது. "காதால கேக்கவே கூசுது."

"சரி, உங்க சாக்குலேருந்து ஒரு தட்டு கடன் கொடுங்க, தலைவரே. எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"தாராளமாக் கொடுப்பேன்மா. உனக்கில்லாததா?" என்றது யானை. "ஆனா ஆட்டத்துக்கு நடுவுல அடுத்தவங்க தட்டை வாங்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கே."

"எப்பலேருந்து?"

"அதெல்லாம் ரொம்பப் பழைய விதி. போன வாரம் போட்டது."

தட்டு இல்லையென்றால் கடைசிக் கூடை இல்லை. கடைசிக் கூடை இல்லையென்றால் கோப்பை இல்லை. நாளைக்கும் மறுநாளைக்கும் ஆட்டமே இல்லை. இதை அம்சவேணி புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அவள் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்படின்னா இது ஏஸே இல்ல," என்றாள். "நீங்க யாரும் பார்க்கல. பார்த்தீங்கன்னா சொல்லுங்க, தட்டு எந்தப் பக்கமாப் போச்சு?"

"நேரா. அம்பு மாதிரி," என்றது நரி.

"நேராப் போனா புளியமரம் நிக்குது."

"மரம் கொஞ்சம் விலகிக்கிச்சு."

"வலப்பக்கமாத்தான் போச்சு," என்றது யானை. "நான் கூர்ந்து கவனிச்சேன்."

"வலப்பக்கம் உங்க முதுகை விடப் பெரிய பாறை இருக்கு, தலைவரே."

"மேலேருந்து இறங்கிச்சு," என்றது மயில், தான் எடுத்த படத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ரொம்ப அழகா. கிட்டத்தட்ட என்னை மாதிரி."

கழகம் அங்கேயே கூடியது. தட்டு நேராகவும், வலப்பக்கமாகவும், மேலிருந்தும் வந்தது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒரே தட்டு மூன்று வழியில் வந்ததால் சாதனையின் பெருமை மூன்று மடங்கு என்று செயலாளர் விளக்கம் தந்தது.

அம்சவேணி பட்டம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். பட்டம்மாள் பொய் சொல்லிப் பழகாதவள். தலைவரிடமே அவருக்கு உடம்பு பெருத்துவிட்டது என்று சொல்லி, ஒரு கோடைக்காலம் முழுவதும் தண்ணீர்த் துறையில் கடைசியாக நின்றவள். அந்தத் தட்டு திரும்பிய திருப்பத்தை அந்தக் காட்டிலேயே முழுதாகப் பார்த்தவளும் அவள் ஒருத்திதான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க பார்த்தீங்களா?"

பட்டம்மாளின் முள்ளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"நானா? நான் கண்ணை மூடிட்டிருந்தேன்டி," என்றாள். "தூசி விழுந்திருச்சு."

"பார்க்காதவங்க கையெழுத்துப் போட முடியாது," என்றது நரி. "ஓரமாப் போய் நில்லுங்கம்மா. வரிசைக்கு இடைஞ்சலா இருக்கு."

அதற்குள் வரிசை உருவாகிவிட்டது. நேரில் பார்த்தவர்கள் என்று ஓடைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த கரடி வந்தது. மான்கள் குடும்பத்தோடு வந்தன. காலையில்தான் பக்கத்துக் காட்டுக்குப் போயிருந்த இருவாச்சிப் பறவை செய்தி கேட்டுப் பறந்து வந்து, தானும் பார்த்ததாகச் சொல்லிற்று.

"எதுக்குங்க இந்த வரிசை?" என்று ஓர் அணில் கேட்டது.

"தெரியலீங்க. முன்னாடி போனவங்க எல்லாம் சந்தோஷமாத் திரும்பி வர்றாங்க," என்றது முயல். அணிலும் நின்றுகொண்டது.

நான்கு பேர் சேர்ந்து அம்சவேணியின் கையிலிருந்து தட்டைப் பாராட்டிப் பாராட்டிப் பிடுங்கினார்கள். தலைவர் முதலில் கால்தடம் பதித்ததில் பாதித் தட்டு மறைந்துபோயிற்று. மிச்சப் பாதியில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு போட்டார்கள். இடம் தீர்ந்தபிறகு விளிம்பிலும் போட்டார்கள். பல் தழும்பின்மேல் மயில் தன் பெயரைச் சுழித்து எழுதியது.

"என் பேர் எங்க?" என்றாள் அம்சவேணி. "அந்த மையைக் கொடுங்க."

"எறிஞ்சவங்க சாட்சி கிடையாதே, அம்மணி," என்றது நரி. "உங்க பேரை நாங்க எல்லாரும் மனசுல எழுதி வச்சிருக்கோம்."

படம் எடுத்தார்கள். படத்தில் யானை முழுதாக விழுந்திருந்தது. அதன் இடது காலுக்குப் பக்கத்தில் அம்சவேணியின் வால் தெரிந்தது. விருந்து நடந்தது. அவள் தன் குட்டிகளுக்கென்று காவல் காத்த அத்திமரம் அன்று மாலையே மொட்டையாயிற்று. விருந்துக்கு நடுவில் யானை எழுந்துபோய்க் கடைசிக் கூடையை ஆடி முடித்தது. எத்தனை எறிகள் என்று எண்ணிக்கொண்டிருந்த நரி பாதியில் எண்ணுவதை நிறுத்தித் தலைவருக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்தது. கோப்பையை யானை வாங்கிக்கொண்டது.

"இன்னைக்கு நான் ஜெயிச்சது பெரிசில்ல," என்று யானை உரையாற்றிற்று. "நம்ம அம்சவேணிக்கு ஏஸ் விழுந்ததுதான் பெரிசு. அது ஒருத்தியோட சாதனையா? இல்ல. நம்ம எல்லாரோட சாதனை. இனிமே இவங்க கழகத்தோட கௌரவ உறுப்பினர். தினமும் வெயில்ல வந்து ஆடணும்கிற சிரமம் இவங்களுக்குக் கிடையாது!"

பலத்த கைதட்டல் எழுந்தது. பட்டம்மாள் கைதட்டவில்லை, தட்டினால் குத்தும் என்று காரணம் சொன்னாள்.

யாரும் திருடிவிடக் கூடாதே என்று யானை முன்னங்கால்களைத் தூக்கி நின்று, துதிக்கை எட்டிய மட்டும் உயரத்தில் வேங்கை மரத்தில் தட்டை மாட்டியது. "இனி ஒருத்தருக்கும் எட்டாது," என்று சொல்லிக் கீழே இறங்கிற்று. மரநாய் மரம் ஏறும் என்பது அங்கே கூடியிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் படித்த கதைகளில் மரநாய் வந்ததே இல்லை.

இப்போதும் ஆண்டுதோறும் அந்த நாளைக் கழகம் கொண்டாடுகிறது. தட்டை இறக்கி மாலை போடுகிறார்கள். கையெழுத்துகள் கீறலும் சிராய்ப்புமாக அழிந்திருப்பதைப் பார்த்து, வெயில் இந்த வருடம் அதிகம் என்று பேசிக்கொண்டு, வரிசையில் நின்று புதிதாகப் போடுகிறார்கள். போன ஆண்டு வரிசை ஓடையைத் தாண்டிப் போயிற்று. அந்த ஏஸ் விழுந்தபோது பிறந்தேயிராத குட்டிகளும் நேரில் பார்த்ததாகச் சொல்லி மை தொட்டன.

அம்சவேணி அதன்பிறகு எந்தக் கோப்பையும் வாங்கவில்லை. வேறு தட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கௌரவ உறுப்பினராகவே இருக்கிறாள். கழகத்தார் எழுந்திருப்பதற்கு முன், விடியற்காலையில், வேங்கை மரத்தில் ஏறித் தன் தட்டைக் கழற்றி வந்து எறிகிறாள். வெயில் வருவதற்குள் மறுபடி ஆணியில் மாட்டிவிடுகிறாள். பட்டம்மாள் கல்மேடைக்குப் பக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி உட்கார்ந்திருப்பாள். முதல் எறியிலேயே சங்கிலி ஒலிக்கும் நாட்களில் அவள் கேட்பாள்:

"என்னடி சத்தம்?"

"காத்து, அக்கா."

நீதி: நன்றாக எறிபவள், பக்கத்தில் இருப்பவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு எறிய வேண்டும், பார்த்துவிட்டால் பாராட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.