வழி தவறிய ஏர்மார்ஷல்

காரைக்குடியில் தொலைந்துபோவதில் எங்கள் ஏர்மார்ஷலை மிஞ்ச ஆள் கிடையாது. பிரிட்டிஷ் விமானப்படையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்தார். அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

பாலைவனப் புழுதிப் புயலில் சரக்கு விமானம் ஓட்டியவர். அப்புறம் ஒரு படைப்பிரிவுக்கே தலைவர். கடைசியில் லண்டனில் பெரிய அறை, பெரிய மேஜை. "பதவி ஏற ஏற என்னைத் தரையில இறக்கிட்டாக. கடைசில நான் ஓட்டுனது சுழல் நாற்காலி மட்டுந்தான்" என்பார். தமிழ், சமையல்கார முத்தம்மாவிடம் கற்றது.

அப்பேர்ப்பட்டவருக்கு எங்கள் தெரு மட்டும் பிடிபடவில்லை. இங்கே வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தன் வீட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்து, "இது எந்த ஊரு?" என்று பால்காரரை விசாரிப்பார். ஒருமுறை யார் வீட்டிலோ போய் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஆவணியில், காலையில் நடக்கப் போனவர் மதியமாகியும் திரும்பவில்லை. இதய ஆபரேஷன் ஆன மனிதர்.

"மாத்திரையும் போடல, போனையும் வச்சுட்டுப் போயிட்டாகளே!" என்று முத்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் எல்லாம் அலைந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, உள்ளே போய் விசாரிக்கக் கால் வரவில்லை.

அப்போது முத்தம்மாவின் போன். "பின்தெருவுக்கு ஓடியாங்க! கல்யாண வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காக!"

பந்தியின் நடுவில், நெற்றியில் சந்தனத்தோடு, பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டு விருந்தாளி என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி என்று பெண் வீட்டாரும் போட்டி போட்டு உபசரித்திருக்கிறார்கள். அவருடைய உத்தியோகக் கதையை முழுசாகக் கேட்டு முடித்த பக்கத்து இலைப் பெரியவர், "இம்புட்டுப் பெரிய ஆபீசரு, ஓட்டுன பிளேன்ல ஒண்ணைக்கூட வீட்டுக்குக் கொண்டாரலியா?" என்று வருத்தப்பட்டார்.

"என்ன சார் இது!" என்று கத்தினேன்.

"வழி தெரியல. மேளம் கேட்டுச்சு. இறங்கிட்டேன்."

முத்தம்மா மாத்திரையை நீட்டி, "இனிமே தனியாப் போனீக, பாருங்க!" என்று அதட்டினார். ஒரு படைக்கே உத்தரவு போட்டவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசல் வந்துவிட்டது. விட மனசு வரவில்லை.