சிவனம்மாள் கோட்டை

மண்சுவர் விழும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது. நனைந்த நெல்மூட்டையை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்தாற்போல ஒரு சத்தம். அதற்குப் பின்னால், வெகுநேரம், ஓடுகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழும் சத்தம். முள்ளிக்குளம் சிவனம்மாள் அதை அடுப்படியில் நின்று கேட்டாள். மகள் தமிழ்மதி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று; அவள் முழுகாமல் இருக்கிறாள். இடையில் இருந்த காலமெல்லாம் சிவனம்மாள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தது தெற்குச் சுவர் மட்டும் என்பதில்தான் சிக்கல். வீடு உள்ளவர்களை அரசாங்கத்துக்குத் தெரியும். வீடு இல்லாதவர்களையும் தெரியும். முக்கால் வீடு உள்ளவர்களைப் பற்றி அது இன்னும் யோசித்து முடிக்கவில்லை. வீடு முழுவதும் இடிந்ததும் வந்து தகவல் தெரிவிக்கும்படி அலுவலகத்தில் பரிவோடு சொல்லி அனுப்பினார்கள். அவளும் திரும்பி வந்து, நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மிச்சச் சுவர்களுக்குள் குடியிருந்தாள்.

இந்த நிலையில்தான் திரு. மதன்குமார் பிரான்சுக்குப் போய்வந்தார்.

அவர் ஒரு சிறப்பு அலுவலர். எதற்குச் சிறப்பு அலுவலர் என்பது அவர் திரும்பி வந்த பிறகுதான் முடிவாயிற்று. ஆய்வுப் பயணம் போன இடத்தில் அவரை ஒரு சைக்கிளில் ஏற்றி, ஆற்றங்கரை வழியாக ஓட்ட விட்டிருக்கிறார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். போகிற வழியெல்லாம் பழைய கிராமம், கிராமத்துக்கு ஒரு கோட்டை. அவர் கண்கலங்கிப் போனார். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து ஒருநாளும் சைக்கிளைத் தொடாத மனிதர், விமானத்திலிருந்து தலைக்கவசமும், தொடையைக் கவ்விய கால்சட்டையும், ஒரு கொள்கையுமாக இறங்கினார்.

"நம்மிடம் என்ன இல்லை?" என்று கூட்டத்தில் கேட்டார். எதுவும் இல்லாமல் இல்லை என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. சமவெளி இருக்கிறது. திராட்சை இருக்கிறது. பழைய கிராமங்களுக்குக் குறைவே இல்லை; எந்தக் கிராமத்தையும் நாம் புதுப்பித்ததே கிடையாது. கோட்டைதான் திண்டுக்கல் மலைமேல் ஒன்றே ஒன்று இருந்தது. அது போதாது. சைக்கிள்காரர் தண்ணீர் குடிக்க நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு கோட்டை தெரிய வேண்டும். அங்கே அதுதான் தரம். இவ்வாறாகப் 'பாரம்பரிய மிதிவண்டிப் பெருவழித் திட்டம்' பிறந்தது.

கோட்டை தேடும் குழு நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து, முள்ளிக்குளம் எல்லை வரைக்கும் ஜீப்பில் வந்தது. அங்கே சைக்கிள்களை இறக்கி, ஏறி மிதித்து ஊருக்குள் நுழைந்தது. சிவனம்மாள் வீட்டு முன்னால் மதன்குமார் பிரேக் பிடித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடடா! எவ்வளவு அழகா இடிஞ்சிருக்கு!"

இத்தனை வருஷத்தில் அவள் வீட்டைப் பார்க்க வந்த முதல் அதிகாரி அவர்தான். சிவனம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கய்யா. நீங்களாச்சும் கண்ணெடுத்துப் பாத்தீகளே."

"யாரும்மா இடிச்சது?"

"மழைங்கய்யா. நாங்க ஒண்ணும் பண்ணல."

"இயற்கையா விழுந்தது," என்று அவர் உதவியாளர் பெலிக்ஸிடம் பெருமையோடு சொன்னார். "கட்டினது எந்தக் காலம்?"

"எங்க மாமனாரு காலத்துலங்கய்யா."

பெலிக்ஸ் 'மாமனார் காலம்' என்று குறித்துக்கொண்டார். பிறகு வைத்த பலகையில் அது 'நாயக்கர் காலத்துக்குப் பிந்தையது' என்று வந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

"இதை நாங்க கோட்டையா எடுத்துக்கிறோம்மா."

"எப்படி வேணும்னாலும் எடுத்துக்கங்கய்யா. ஐப்பசிக்குள்ள சுவரு மட்டும் நின்னாப் போதும். மக தலைப்பிரசவத்துக்கு வாரா. தாய்வீடுன்னு ஒரு கூரை வேணும்ல?"

மதன்குமார் முகத்தில் லேசான வருத்தம் படர்ந்தது. "அங்கெல்லாம் கோட்டையில யாரும் பிரசவம் பாக்கிறதில்லம்மா."

"அப்ப நான் எங்கன வச்சுப் பாக்குறது?"

"அது சுகாதாரத் துறை," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

அந்த வாரமே ஆணை வந்தது. வீடு 'பாதுகாக்கப்பட்ட இடிபாடு' ஆயிற்று. அதைப் பழுது பார்க்கக் கூடாது. அதில் குடியிருக்கக் கூடாது. நீலத் தார்ப்பாய் காட்சிக்கு இடைஞ்சலாக இருப்பதால் உடனே அகற்ற வேண்டும். சிவனம்மாள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. பகலில் பூ எடுக்கும் வேலை. வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிச் செம்மண் குழைத்துச் சுவர் வைத்தாள். தெற்குச் சுவர் இடுப்பளவு எழும்பியது. பக்கத்து வீட்டுச் சோலைமுத்து அதைப் பார்த்தார். ஊர் நன்மையைக் கருதிப் போன் செய்தார்.

மறுநாள் ஜீப் வந்தது. பெலிக்ஸ் கையில் பழைய புகைப்படம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, சுவர் முன்பு எந்த வளைவில் விழுந்திருந்ததோ அதே வளைவில் கொத்தனார்கள் கவனமாக இடித்தார்கள். இந்தப் பணிக்கு 'இடிந்த நிலைக்கு மீட்டமைத்தல்' என்று பெயர். பிரான்சில் எடுத்த படங்களில் கோட்டைக்குக் கூரை இல்லாததால், மிச்ச ஓடுகளையும் இறக்கினார்கள். கடைசியில், உடைந்த விளிம்பு இனிமேல் உடையாமல் இருக்க அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள்.

"இந்தச் சிமெண்டத்தானய்யா இம்புட்டு வருசமா கேட்டேன்," என்றாள் சிவனம்மாள்.

"நீங்க கேட்டது கட்டுறதுக்கு," என்றார் பெலிக்ஸ். "அதுக்கு நிதி வேற தலைப்பு."

இதற்கெல்லாம் முள்ளிக்குளம் கோபப்பட்டிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். முள்ளிக்குளம் பொறாமைப்பட்டது.

கோட்டை வரைக்கும் தார் ரோடு வந்தது, கோட்டையோடு நின்றது. பொழுது சாய்ந்தால் உடைந்த சுவரின்மேல் மஞ்சள் விளக்கொளி விழுந்தது. தெருவிளக்குக் கேட்டுச் சலித்தவர்கள் அந்த வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். பிரான்சில் ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி உண்டாம். எனவே ஊருக்கெல்லாம் மல்லிகை அனுப்பும் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பூத்தொட்டி வழங்கப்பட்டது. அங்கே மாட்டுக்கு மணி கட்டியிருந்தார்களாம். எனவே அய்யலூர் சந்தைக்குப் போகிற ஆடுகள் மணி கட்டிக்கொண்டு அறுபடப் போயின. பால்கேன் தொங்கவிட்ட சைக்கிள்கள் சைக்கிள் பாதையில் வரக் கூடாது என்றார்கள். பிழைப்புக்கு மிதிப்பது சைக்கிளோட்டம் ஆகாது. அங்கத்திய கிராமங்களில் மத்தியானம் தெருவில் ஆளே இல்லாததை மதன்குமார் கவனித்திருந்தார். பாரம்பரியம் என்பது ஆளில்லாமைதான் என்று அவருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து ஒத்துழைக்குமாறு ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். ஊரும் ஒத்துழைத்தது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கார் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இறங்கி, கோட்டை வரை மிதித்து, மூச்சு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் சோலைமுத்து கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுக் கிழக்குச் சுவரைத் தள்ளினார். அது செங்கல் சுவர். நல்ல சுவர்.

சிவனம்மாள் பதறிப்போய் ஓடினாள். "ஏண்ணே, கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா? நிக்கிற சுவரப் போயி..."

"ஒனக்கு மட்டுந்தான் லைட்டு எரியணுமாக்கும்? எங்க வீடும் இடியும் தாயி, விலகு."

வடக்குத் தெருவில் ஒரு வீடுகூட இடியாததால் தங்கள் தெரு தொடர்ந்து புறக்கணிக்கப்படுவதாக அத்தெருக்காரர்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய் ஆவன செய்தார்கள். மதன்குமார் நேரில் வந்து பாராட்டினார். பலகைகள் நடப்பட்டன.

புரட்டாசிக் கடைசியில் தமிழ்மதியின் மாமியார் அழகம்மாள் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தார். மருமகளை அனுப்புவதற்கு முன்னால் இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க சம்பந்தி, உங்க கோட்டைய போன்ல பாத்தோமுங்க. எங்க ஊரே பாத்துதுங்க." சுவரில் சாய்ந்து நின்று தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். "செரி, உள்ள போலாமுங்களா?"

"இதான் மதினி உள்ள," என்றாள் சிவனம்மாள்.

அழகம்மாள் நாலாபக்கமும் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். மேலே மேகம் திரண்டு நின்றது.

"போட்டோவுல மேகமெல்லா நல்லா வுளுந்திருந்துச்சுங்க," என்றார் மெதுவாக. போனை முந்தியில் முடிந்துகொண்டார். "கொழந்தை அங்கியே பொறக்கட்டுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

சிவனம்மாள் தலையாட்டினாள். மண்டபத்துக்குப் போய், மகளுக்கென்று வாங்கிவைத்திருந்த புதுக் கோரைப்பாயை எடுத்துவந்து, பிரிக்காமலே சம்பந்தி கையில் கொடுத்தாள்.

அப்புறம் கடைசியாக ஒருமுறை அவள் வீட்டு மனுவோடு அலுவலகத்துக்குப் போனாள். வீடு இப்போது முழுவதும் இடிந்துவிட்டது, அரசாங்கமே இடித்தது, ஆகவே தகுதி வந்துவிட்டது என்று நம்பிப் போனாள். அந்த மேசையிலும் பெலிக்ஸ்தான் இருந்தார்.

"உங்க பேர்ல கோட்டை இருக்கேம்மா."

"அதுல கூரை இல்லைய்யா."

"கோட்டைக்கு எதுக்குக் கூரை? கோட்டை வச்சிருக்கிறவங்கள வீடில்லாதவங்கன்னு எழுதினா தணிக்கையில என்னைத்தான் பிடிப்பாங்க." அவர் குரலில் உண்மையான அச்சம் இருந்தது.

ஐப்பசி மழை எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று பார்க்கவில்லை. வடக்குத் தெரு முழுவதும் வீட்டுக்குள்ளேயே நனைந்தது. சோலைமுத்து, சைக்கிள்காரர் யாரோ விட்டுப்போன தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நிவாரணம் கேட்டுப் போனவர்களுக்கெல்லாம், கோட்டைக்காரர்களுக்கு நிவாரணம் கிடையாது என்ற ஒரே பதில் கிடைத்தது. மழையில் கறுத்துப் பளபளத்த சிவனம்மாள் கோட்டையின் படம் அந்த வாரம் எல்லார் போனிலும் சுற்றியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். விருப்பக்குறியும் போட்டிருப்பீர்கள். மதன்குமார் அப்போது சுவிட்சர்லாந்தில் பனியைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

தமிழ்மதிக்கு நெய்க்காரப்பட்டியில் பெண் குழந்தை பிறந்தது. சைக்கிள்கள் நனையாமல் இருக்கத் திட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள்; சிவனம்மாள் இப்போது அதில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.