கார் ஷெட்டுக்கு வந்த டீச்சர்

கார் ஷெட்டில் கழுதை நின்றது. கார் தெருவில் நின்றது. இரண்டுக்கும் நடுவில், கையில் கார் சாவியோடு, கண்காணிப்பாளர் நின்றார்.

அவர் இப்போது எதையும் கண்காணிக்கவில்லை. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வாசல் பலகையில் பெயருக்குக் கீழே அந்தப் பதவி அப்படியே இருந்தது. முப்பத்துநாலு வருடம் ஆவணப் பிரிவை மேய்த்தவர். மேய்த்தவர் என்றால் நிஜமாகவே மேய்த்தவர்தான். அவர் அகராதியில் எழுத்தர் சோம்பேறிக் கழுதை, தட்டச்சர் செவிட்டுக் கழுதை, பியூன் இரண்டுகால் கழுதை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நாலுகால் கழுதையே நேரில் வந்து நின்றால் என்ன செய்வார், பாவம்.

"என்னடி இது?"

"கழுதைங்க" என்றாள் மனைவி, வைக்கோலை உதறிப் போட்டபடி. "செங்கல் சூளையில சுமை தூக்கி, முதுகெல்லாம் புண்ணாகி, காப்பகத்துல மீட்டது. ஒரு மாசம் நம்மகிட்ட இருக்கட்டும். மாசக் கடைசியில காப்பகத்து டாக்டரம்மா வந்து பார்த்து, தேறியிருக்கான்னு எழுதுவாங்க."

"என் கார்?"

"காருக்கு வெயில் தெரியாதுங்க. இதுக்குத் தெரியும்."

அவர் ஓய்வு பெற்ற மூன்றாவது வாரத்திலிருந்தே மனைவி தினமும் காலையில் கழுதைகள் காப்பகத்துக்குப் போய் வைக்கோல் வெட்டிப் போட்டுவிட்டு வருகிறாள். வீட்டில் கணவன் சும்மா இருக்கும்போது வெளியே போய்க் கழுதைக்குச் சேவை செய்வானேன் என்று அவர் யோசித்ததுண்டு. பதில் கண்ணாடியிலேயே இருந்தது. அவர் கண்ணாடியைத் தலை வாரத்தான் பயன்படுத்தினார்.

"இதுக்குப் பேரு வேற இருக்கா?"

"டீச்சர்."

"டீச்சரா! கழுதைக்கு டீச்சரா! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்றது உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

மனைவி இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போனாள். கழுதை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வைக்கோலைப் பார்த்தது. இரண்டில் வைக்கோலே மேல் என்று முடிவு செய்துகொண்டது.

எதற்காக இந்த ஒரு மாதம் என்று மனைவியைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மனைவியைக் கேட்பது அவர் வழக்கமில்லை. விதிமுறையைப் படிப்பதுதான் வழக்கம். வைக்கோல் கட்டோடு வந்திருந்த காப்பகத்தின் துண்டுப் பிரசுரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

'தத்துக்குக் கொடுக்கும் கழுதை முதல் மாதம் சோதனை முறையில் தங்கும். வீடு ஏற்றது என்று தெரிந்தால் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். நல்ல கவனிப்பில் கழுதை நாற்பது வயதுவரை வாழும்.'

இந்தக் கழுதைக்கு வயது பதினைந்து. அவருக்கு அறுபது. கணக்குப் போட்டார். எண்பத்தைந்தாம் வயதில், பல் போய், தடி ஊன்றி, கழுதைக்கு வைக்கோல் அள்ளிப் போடும் கிழவனாகத் தன்னைப் பார்த்தார். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

ஆக, இந்த வீடு தேறக் கூடாது. ஒரு வீட்டில், ஓர் ஆளிடம், ஒரு காகிதத்தில் குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கற்ற ஒரே கலை அது.

அன்று மாலையே முதல் குறையைக் கண்டுபிடித்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"உங்க பிரசுரம், இரண்டாம் பக்கம், ஐந்தாவது வரி. கழுதையைத் தனியா வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. இங்கே இது தனியாத்தான் நிக்குது. விதிமீறல்!"

"ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க சார்" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டு வழி இருக்கு. இன்னொரு கழுதை அனுப்பி வைக்கிறேன்."

"வேண்டாம்!"

"அப்போ தினம் காலையில ஏழிலிருந்து எட்டு வரைக்கும் நீங்க அது பக்கத்துல போய் உட்காருங்க. ஒண்ணும் பேசவேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும்."

ஏழிலிருந்து எட்டு என்பது அவர் சமையலறையைச் சோதனை போடும் நேரம். எந்த டப்பாவுக்கு மூடி இல்லை, எந்தக் குழாய் சொட்டுகிறது, நேற்று நாலாக இருந்த எலுமிச்சம்பழம் இன்று எப்படி மூன்றானது என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்யும் நேரம். இப்போது அந்த நேரத்தில் நாற்காலி போட்டுக் கழுதை பக்கத்தில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து யாரோ முணுமுணுப்பாகப் பாடுவது கேட்டது. ரேடியோ என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் பாட்டை அவர் அதுவரை கேட்டதில்லை.

நாலாம் நாள் வேறு வழி யோசித்தார். கழுதை தானாக வெளியே போய்விட்டால்? காணாமல் போன கழுதைக்கு யார் பொறுப்பு? வாசல் கேட்டை அகலத் திறந்து வைத்து, கழுதைக்குப் பின்னால் போய் நின்று, ஆவணப் பிரிவே நடுங்கிய அந்தக் குரலை எடுத்தார்.

"போ! போ வெளியே! அறிவுகெட்ட கழுதை!"

கழுதை நடந்தது. கேட்டின் நடுவே வந்ததும் நின்றது. முன்னங்கால் இரண்டும் தெருவில், பின்னங்கால் இரண்டும் வீட்டில். அவர் இன்னும் கத்தினார். அது இன்னும் நன்றாக நின்றது. தள்ளினார். சுவரைத் தள்ளியிருந்தால் சுவராவது நகர்ந்திருக்கும். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை கேட்டை மூடவும் முடியவில்லை, அதைத் தாண்டி அவர் வெளியே வரவும் முடியவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார். "சார், உங்க ரெண்டு பேருல யாரு சார் யாரை மறிக்கிறது?"

பெண்டாட்டி காப்பகத்திலிருந்து வருவதற்குள் விஷயத்தை முடிக்க வேண்டும். மானத்தை விட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"கத்தினீங்களா சார்?"

"லேசா."

"பயந்தா குதிரை ஓடும் சார், கழுதை நின்னுடும். அதைத்தான் நாம பிடிவாதம்னு சொல்றோம். குரலை இறக்குங்க. பேரைச் சொல்லி மெதுவா கூப்பிடுங்க."

குரலை இறக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமி இரண்டு முறை ஒத்திகை பார்த்தார். 'டீச்சர், வா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றாம் வகுப்பில் வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை.

"டீச்சர்..." என்றார். "உள்ள... வாங்க."

கழுதை காதைத் திருப்பியது. யோசித்தது. பிறகு கண்ணியமாகப் பின்னோக்கி நடந்து உள்ளே வந்தது. தையல்காரர் கைதட்டினார். யாரையாவது 'வாங்க' என்று கூப்பிட்டு அவர்களும் வந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? வாயால் முடியாததைக் காகிதத்தால் சாதிப்பதென்று இறங்கினார். கார் ஷெட்டின் சாய்வு, தரையின் ஈரம், கூரையின் உயரம், தையல் மெஷின் சத்தம் என்று பதினாறு பக்கம் குறை எழுதி, வரிசை எண் போட்டு, நூல் கோத்து, காலையில் துணைக்கு உட்காரும்போது நாற்காலியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நூல் மட்டும் இருந்தது.

"காகிதம் தின்னுச்சா?" என்றாள் டாக்டரம்மா, போனில் புகார் முழுவதையும் கேட்டுவிட்டு. "அப்போ வைக்கோல் பத்தலைன்னு அர்த்தம் சார். நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமா உங்க கையால கொடுங்க. அப்படியே தரை ஈரம்னு சொன்னீங்களே, அதுக்குத் தினம் குளம்பைத் தூக்கி, வைக்கோலோட அனுப்பின வளைஞ்ச கம்பியால சேறு எடுத்துடுங்க. இல்லன்னா அழுகிடும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒவ்வொரு குறைக்கும் ஒரு வேலை முளைத்தது. குளம்பு சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கழுதையின் காலடியில் குனிய வேண்டும். மேலதிகாரியைத் தவிர வேறு யார் முன்னாலும் குனியாத முதுகு அது. குனிந்தார். டீச்சர் கால் கொடுத்தது. குனிந்தவர் தலையை முகர்ந்து பார்த்து, மிச்சமிருந்த முடியில் இரண்டை வைக்கோல் என்று நினைத்து இழுத்தது. "டீச்சர், அது முடிங்க" என்றார் மெதுவாக. மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதன் கால் அவர் கையில் இருந்தது.

வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசுவாள். அப்பா வாங்கினால் 'சிக்னல் இல்லப்பா' என்பாள். மூன்றாவது வாரம் அவர் போனைப் பிடுங்கி, வழக்கம்போல மாப்பிள்ளையைப் பற்றி ஆரம்பிக்காமல், குளம்பு சுத்தம் செய்வதில் உள்ள சிரமங்களைப் பற்றிச் சொன்னார். மகள் சிரித்தாள். நாற்பது நிமிடம் சிக்னல் இருந்தது. ஏன் திடீரென்று சிக்னல் நன்றாகிவிட்டது என்று மனிதர் போன் கம்பெனியை வியந்துகொண்டார்.

மாதக் கடைசியும் வந்தது. காப்பகத்து வேன் வாசலில் நின்றது. டாக்டரம்மா ஒரு படிவத்தோடு இறங்கினாள். பின்னால் வேன் டிரைவர், நரைத்த மீசையும் பீடி வாசனையுமாக.

கண்காணிப்பாளர் தயாராக இருந்தார். சோதனை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? ஷெட்டை அளப்பாள், கூரையைப் பார்ப்பாள், கழுதையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பாள். ஒவ்வொன்றிலும் குறையை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் டாக்டரம்மா கழுதையின் கழுத்தைத் தட்டி, "என்ன டீச்சர், சௌக்கியமா?" என்றதோடு சரி. நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவி எதிரே உட்கார்ந்துவிட்டாள். இதெல்லாம் ஒரு சோதனையா என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் எப்படிம்மா?"

மனைவி சின்ன நோட்டைப் பிரித்தாள். "முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினாலு தடவை. போன வாரம் ரெண்டு. முந்தாநேத்து ஒண்ணுகூட இல்ல."

கண்காணிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுதை ஒரு மாதமாக ஒரு தடவைகூடக் கத்தவில்லையே! என்ன அண்டப்புளுகு புளுகுகிறாள்!

"சாப்பாடு?"

"முன்னெல்லாம் வச்ச உடனே முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுறதுதான். இப்போ வச்சது காலியாகுது."

"பக்கத்துல போனா?"

"பயமில்லாம போகலாம்."

"பொய்ப் பதிவு!" என்று எழுந்தார் அவர். "இதெல்லாம் நடக்கவே இல்ல. இது வந்த நாள்லேருந்தே பதவிசாத்தான் இருக்கு!"

"உங்களைத் தனியா கேட்கிறேன் சார், உட்காருங்க" என்றாள் டாக்டரம்மா. அவர் உட்கார்ந்தார். சொன்னதும் உட்கார்ந்ததைப் பார்த்து அவள் இன்னும் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, கீழே பெரிதாக 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொலைந்தது. இருபத்தைந்து வருடம். வைக்கோல், குளம்பு, காலை ஏழு மணி நாற்காலி. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக, சட்டைப் பையில் மறந்துபோன வைக்கோல் ஒன்று கைக்குத் தட்டுப்பட, அதை எடுத்து டீச்சருக்கு நீட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதர் சாகும்வரை அதை ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து வைத்து, டீச்சரின் கயிற்றை அவிழ்த்தார்.

"என்னய்யா பண்றே?"

"கூட்டிட்டுப் போறேன் சார். அதான் தேறிடுச்சே. அடுத்த இடத்துல காத்துட்டிருக்காங்க."

"தேறினா இங்கேதானே இருக்கணும்!"

"தேறாட்டிதான் சார் இருக்கணும்" என்றபடி அவர் டீச்சரைப் பலகையில் ஏற்றினார்.

கண்காணிப்பாளருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கொஞ்ச நாளாக அடங்கிக் கிடந்த அந்தக் குரல், அடிவயிற்றிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கிளம்பியது.

"டேய்! யாரைக் கேட்டு அவுத்தே? விடுடா கயிறை! அறிவு இருக்கா உனக்கு? இரண்டுகால் கழுதை! முட்டாள் கழுதை!"

எதிரே தையல் மெஷின் நின்றது. பலகையின் நடுவே டீச்சர் நின்றது. மனைவி பெருமூச்சு விட்டு நோட்டைப் பிரித்துக் கோடு போட்டாள். டாக்டரம்மா படிவத்தில் 'தேறியது' என்பதை அடித்தாள்.

வேன் டிரைவர் மட்டும் பதற்றப்படவில்லை. டீச்சரை நிதானமாகப் பின்னோக்கி இறக்கிக்கொண்டே சொன்னார்: "விடுங்க டாக்டரம்மா, டீச்சர் இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருக்கட்டும். மிரண்டு வந்த ஒன்பது கேஸையும் பக்கத்துல நின்னே ஒரே மாசத்துல அடக்கிடுச்சுதான். ஆனா அதெல்லாம் கழுதைங்க, சார் மனுஷன்தானே, கொஞ்சம் கூடுதலா நாள் பிடிக்கும்."